மூச்சின் வழி கண்டவரை எரித்த நகரம்

மனிதன் பிறந்ததும் முதலில் செய்வது மூச்சை உள்ளே இழுப்பது. இறுதியாகச் செய்வது அதனை வெளியே விடுவது. இவ்விரண்டுக்கும் இடையில் நாம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 16 தடவை, எண்ணிப் பாராமலே சுவாசிக்கின்றோம். எமது முன்னோர் உயிர் என்ற சொல்லையே மூச்சோடு பிணைத்து வைத்திருந்தனர். உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சு விடுதல். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. ஆவி என்ற சொல்லும் அத்தகையதே. கொதிக்கும் நீரிலிருந்து எழுவதும் ஆவி, உடலை விட்டுப் பிரிவதும் ஆவி. கிரேக்கரின் நியூமாவும் இலத்தீன் மொழியின் ஸ்பிரிற்றுஸும் இதே இரட்டைப் பொருளைத் தாங்கிய சொற்களாம். ஆயினும், உள்ளே சென்ற காற்று எங்கே போகின்றது, குருதியோடு எவ்விடத்தில் சேர்கின்றது என்ற கேள்விக்கு நேரான விடையை ஐரோப்பா நெடுங்காலம் அறியாதிருந்தது. அவ்விடையை ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சில் பதித்த மருத்துவர், இன்று எம்மவர் பல்லாயிரவர் வாழும் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில், 1553 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27 ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் பெயர் மிக்கேல் செர்வேற்றஸ். அவர் ஓர் அகதி.

அவர் கண்டது எது என்பதை உணர்வதற்கு, இன்று எமது பிள்ளைகள் பாடசாலையில் கற்கும் விடயத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மூக்கினுள் நுழையும் காற்று அங்கே சூடாக்கப்பட்டு, ஈரமூட்டப்பட்டு, தூசு நீக்கப்பட்டு, குரல்வளையைக் கடந்து வாதனாளிக்குள் இறங்குகின்றது. வாதனாளி அமுங்கி மூடிவிடாதபடி கசியிழைய வளையங்கள் அதனைத் தாங்கி நிற்கின்றன. அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வலச் சுவாசப்பைக்கும் மறு கிளை இடச் சுவாசப்பைக்கும் செல்கின்றது. வலப்பக்கம் மூன்று சோணைகள். இதயத்துக்கு இடம் விடவேண்டியிருப்பதால் இடப்பக்கம் இரண்டு. குழாய்கள் ஏறத்தாழ 23 தடவை கிளைத்துக் கிளைத்து, ஈற்றில் சிற்றறைகள் எனப்படும் நுண்ணிய காற்றுப் பைகளில் முடிகின்றன. அவற்றின் தொகை 30 கோடிக்கும் மேல். அனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும். அதாவது, நாங்கள் குடும்பமாக ஒதுங்கியிருக்கும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றின் பரப்பளவு ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் மடிந்து கிடக்கின்றது.

இச்சிற்றறைகளின் சுவரை மயிர்த்துளைக் குழாய்கள் வலைபோலச் சூழ்ந்துள்ளன. காற்றுக்கும் குருதிக்கும் இடையே உள்ள சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவானது. உடலெங்கும் சுற்றிக் கருமை கலந்து வரும் குருதி, இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, சுவாசப்பை நாடி வழியே இவ்வலைக்குள் தள்ளப்படுகின்றது. அங்கே காபனீரொட்சைட்டைக் கொடுத்து ஒட்சிசனைப் பெற்றுச் சிவந்து, சுவாசப்பை நாளங்கள் வழியே இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்புகின்றது. ஒரு செங்குருதிக் கலம் இந்த வலைக்குள் தங்கியிருக்கும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. ஓய்விலிருக்கும் மனிதனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதி இவ்வாறு சுவாசப்பைகளைக் கடக்கின்றது. வலமிருந்து சுவாசப்பைக்கு, சுவாசப்பையிலிருந்து இடத்துக்கு என்னும் இந்தச் சுற்றினையே சிறு குருதிச்சுற்று என்பர். (இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுதுவது புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார்.)

இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை படம் வரைந்து குறிக்கும் இந்தச் சுற்றினைப் பண்டைய ஐரோப்பா அறியவில்லை. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள பேர்கமம் நகரில் பிறந்த கேலன் என்ற மருத்துவர் வகுத்ததே அங்கு சட்டமாயிருந்தது. குருதி ஈரலில் உண்டாகின்றது என்றார் அவர். அதில் ஒரு பகுதி இதயத்தின் வலவறையிலிருந்து இடவறைக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகளினூடாகக் கசிந்து செல்கின்றது என்றும், அங்கே காற்றின் சாரத்தோடு கலந்து உயிர்ச்சத்தாகின்றது என்றும் எழுதினார். கேலன் சிறியவரல்லர். மற்போர் வீரரின் காயங்களைக் கட்டியவர். குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்தவர். ஆனால் அந்த நடுச்சுவரில் துளை எதுவும் இல்லை. அது தடித்த தசை. இல்லாத துளையை இருப்பதாக நம்பியே நூற்றாண்டுகள் பல கழிந்தன. 1543 இல் தமது பெரும் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியஸ் கூட, இத்தடித்த சுவரினூடாகக் குருதியைக் கசியச் செய்யும் இறைவனின் வல்லமையை வியப்பதாக எழுதி ஒதுங்கிக்கொண்டார். 1555 இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் தமது ஐயத்தை வெளிப்படையாக எழுதினார்.

செர்வேற்றஸ் 1511 அளவில் ஸ்பெயினின் அரகொன் பகுதியிலுள்ள வில்லனுவேவா என்ற ஊரில் பிறந்தவர். பிரான்சின் துலூஸ் நகரில் சட்டம் படிக்கச் சென்றார். 1531 இல், இருபது வயதளவில், கிறிஸ்தவத்தின் திரித்துவக் கோட்பாடு வேதாகமத்தில் இல்லை என வாதிடும் நூலொன்றை வெளியிட்டார். அன்று முதல் கத்தோலிக்கருக்கும் அவர் பகைவர், புரட்டஸ்தாந்தருக்கும் பகைவர். எந்தப் பெயரில் அந்நூலை எழுதினாரோ அந்தப் பெயரோடு இனி எங்கும் வாழ முடியாது என்பதை உணர்ந்து, பிறந்த ஊரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டு மிஷேல் தெ வில்நெவ் ஆனார். வேறு பெயரில் வாழ்வது எத்தகையது என்பதை எமது வாசகருள் சிலர் நன்கு அறிவர்.

லியோன் நகரில் அச்சுக்கூடமொன்றில் பிழைதிருத்துநராக வேலை பார்த்தார். 1535 இல் தொலமியின் புவியியல் நூலைப் பதிப்பித்தார். பின்னர் பரிஸ் சென்று மருத்துவம் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராயிருந்த குவின்ரர், வெசாலியசுக்கும் ஆசிரியர். பிரேதங்களை அறுத்துக் காட்டும் பணியில் இவ்விருவரையும் தமக்குத் துணையாயிருந்தவர்களெனக் குவின்ரர் தமது நூலில் பாராட்டியுள்ளார். பிறகு செர்வேற்றஸ் றோன் நதிக்கரையிலுள்ள வியன் நகரில் குடியேறி, அந்நகரப் பேராயரின் மருத்துவராக ஏறத்தாழ 12 ஆண்டுகள் அமைதியாகத் தொழில் செய்தார். பகலில் நோயாளரைப் பார்த்தார், இரவில் எழுதினார்.

அவ்வாறு எழுதப்பட்ட நூல், 1553 சனவரியில் வியன் நகரில் இரகசியமாக அச்சாகிய கிறிஸ்தவத்தின் மீள்நிறுவல். ஆயிரம் பிரதிகள். அது சமய நூல், மருத்துவ நூலன்று. அதற்குள் சுவாசப்பை எப்படி வந்தது என்று வாசகர் கேட்கலாம். இறைவன் மனிதனின் மூக்கிலே உயிர்மூச்சை ஊதினான் என்று வேதாகமம் கூறுகின்றது. உயிர் குருதியில் உள்ளதென்றும் கூறுகின்றது. அப்படியாயின் மூக்கிலே ஊதப்பட்டது குருதிக்குள் எப்படிச் சென்றது? மற்ற இறையியலாளர் இதனை உவமையாகக் கொண்டு கடந்துபோயினர். பிரேதம் அறுத்துப் பழகிய செர்வேற்றஸ் அதனைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். பக்தியே அவரை உடற்கூற்றுக்குள் இட்டுச் சென்றது எனலாம்.

அவர் கண்ட விடை சில பக்கங்களுக்குள் அடங்குவது. குருதி நடுச்சுவரினூடாகச் செல்வதில்லை. அது வலவறையிலிருந்து சுவாசப்பைகளினூடாக நீண்ட வழியில் செலுத்தப்படுகின்றது. அங்கே உள்ளிழுத்த காற்றோடு கலந்து நிறம் மாறுகின்றது. புகைபோன்ற கழிவை வெளிமூச்சில் விட்டுவிட்டு இடவறைக்கு இழுக்கப்படுகின்றது. இதற்கு அவர் காட்டிய சான்று எளிமையானது, அழகானது. சுவாசப்பை நாடி மிகப் பெரியது. சுவாசப்பைக்கு ஊட்டம் கொடுப்பது மட்டுமே அதன் வேலையென்றால் இவ்வளவு பருமனான குழாய் எதற்கு? இவ்வளவு குருதி அங்கே போவதற்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும். ஒரு குழாயின் அகலத்தைப் பார்த்து அதன் பணியைக் கணித்தார் அவர். நாம் இதனை வாசிக்கும்போது, நல்ல பொறியியலாளர் ஒருவரின் பேச்சைக் கேட்பது போன்றே உள்ளது. எனினும், உடல் முழுவதற்குமான குருதிச்சுற்றை அவர் கண்டார் என்று சிலர் எழுதுவது மிகை. அவர் கண்டது சிறு சுற்று மட்டுமே. அதுவே போதிய பெருமை.

நூல் வெளியானதும் ஆபத்து ஜெனீவாவிலிருந்து வந்தது. அந்நகரின் சமயத் தலைவர் கல்வினோடு செர்வேற்றஸ் முன்னர் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். நூலின் கையெழுத்துப் படியொன்றையும் 1546 அளவில் அவருக்கு அனுப்பியிருந்தார். செர்வேற்றஸ் ஜெனீவாவுக்கு வந்தால் உயிரோடு திரும்ப விடுவதில்லை என்ற கருத்தில் கல்வின் நண்பருக்கு எழுதியது அதே 1546 இல். இப்பொழுது, ஜெனீவாவில் தஞ்சமடைந்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், லியோனிலிருந்த தம் கத்தோலிக்க உறவினருக்கு எழுதிய கடிதத்தில் வியன் மருத்துவரின் உண்மைப் பெயரைக் காட்டிக்கொடுத்தார். சான்றாக, கல்வினிடமிருந்த செர்வேற்றஸின் கடிதங்களும் அனுப்பப்பட்டன. 1553 ஏப்ரல் 4 ஆம் நாள் கத்தோலிக்க அதிகாரிகள் அவரைச் சிறைப்பிடித்தனர். மூன்றாம் நாள் விடியற்காலை சிறைத்தோட்டத்தின் வழியே அவர் தப்பியோடினார். யூன் 17 இல் அவரது உருவப்பொம்மையையும் நூற்பொதிகளையும் வியன் நகரில் எரித்தனர். நூல்கள் எரிந்து சாம்பலாவதை 1981 இல் யாழ்ப்பாணத்தில் கண்டவர்களுக்கு இது பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்கு மாதங்கள் அலைந்தபின், ஓகஸ்ற் மாதம் அவர் ஜெனீவாவுக்குள் நுழைந்தார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று அங்குள்ள ஸ்பானியரிடையே மருத்துவம் செய்வதே தமது எண்ணம் என்று பின்னர் விசாரணையில் கூறினார். ஓகஸ்ற் 13, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் அடையாளம் காணப்பட்டுச் சிறைப்படுத்தப்பட்டார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அன்றைய ஜெனீவா அகதிகளால் நிறைந்த நகரம். பிரான்சில் புரட்டஸ்தாந்தர் வேட்டையாடப்பட்டபோது ஆயிரக்கணக்கில் அங்கு ஓடிவந்தனர். கல்வினே பிரான்சிலிருந்து தப்பிவந்தவர். 1553 இல் அவர் அந்நகரின் குடியுரிமை பெற்றவருமல்லர். அது அவருக்கு 1559 இலேயே கிடைத்தது. குற்றஞ்சாட்டுபவரும் வழக்கு முடியும் வரை சிறையிலிருக்க வேண்டுமென்பது அந்நகரச் சட்டம். கல்வினுக்குப் பதிலாக முறைப்பாட்டாளராகச் சிறை சென்றவர் அவரது உதவியாளர். அவரும் பிரெஞ்சு அகதியே. ஆக, அகதி ஒருவர் காட்டிக்கொடுக்க, அகதி ஒருவர் முறையிட, அகதி ஒருவர் வாதத்தை வகுக்க, அகதி ஒருவர் கூண்டில் நின்றார். துன்பப்பட்டவர்கள் யாவரும் துன்பத்தை அறிந்து இரங்குவர் என்று நாம் எண்ணுவதுண்டு. ஜெனீவாவின் ஏடுகள் அவ்வாறு கூறவில்லை.

அவ்வழக்கின் பதிவுகள் இன்றும் உள்ளன. அவற்றை வாசிப்பவர்களுள் தஞ்சக் கோரிக்கை விசாரணைக்குச் சென்றுவந்த எவருக்கும் பல வரிகள் பழக்கமானவையாகவே தோன்றும். ஏன் இங்கு வந்தாய், எவ்வழியாக வந்தாய், யாரோடு பேசினாய் என்ற கேள்விகள். தாம் வெளிநாட்டவர், இந்நாட்டின் வழக்கங்களை அறியாதவர், ஆகையால் தமக்காகப் பேச ஒரு சட்டத்தரணி வேண்டும் என்று அவர் மனுச் செய்தார். இவ்வளவு திறமையாகப் பொய் சொல்பவருக்குச் சட்டத்தரணி தேவையில்லை என்ற தோரணையில் அரச வழக்குரைஞர் மறுத்தார். செப்ரெம்பரில் எழுதிய மனுவில், பேன்கள் தம்மை உயிரோடு தின்பதையும் உடைகள் கிழிந்ததையும் மாற்றுச் சட்டை இல்லாததையும் முறையிட்டார். ஒக்ரோபரில் குளிரைப் பற்றி எழுதினார்.

இடையில் வியன் அதிகாரிகள் அவரைத் தம்மிடம் திருப்பி அனுப்புமாறு கேட்டு ஆளனுப்பினர். திரும்பிப் போக விரும்புகின்றாயா, இங்கேயே இருக்கின்றாயா என்று ஜெனீவா நீதிபதிகள் கேட்டபோது, அவர் தரையில் விழுந்து, கண்ணீரோடு, தம்மை அனுப்பவேண்டாம் என்றும் இங்கேயே தீர்ப்பளிக்குமாறும் மன்றாடினார். அவர்கள் அனுப்பவில்லை. சூரிச், பேர்ண், பாசல், ஷவ்ஹவுசன் திருச்சபைகளின் கருத்தைக் கேட்டனர். நான்கும் அவரைக் கண்டித்தே எழுதின. ஒக்ரோபர் 26 இல் தீர்ப்பு. எரிப்பதற்குப் பதிலாக வாளால் வெட்டுமாறு கல்வின் கேட்டும் நீதிபதிகள் இணங்கவில்லை. மறுநாள், நகருக்கு வெளியே சம்பெல் என்னும் மேட்டில், அவரது நூலையும் உடலோடு கட்டி எரித்தனர். திரித்துவத்தை மறுத்தமையும் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தமையுமே குற்றங்கள். சுவாசப்பை பற்றிய பக்கங்களை எவரும் பொருட்படுத்தவேயில்லை. விஞ்ஞானத்துக்காக உயிர்துறந்தவர் என்று அவரைக் கூறுவதும் ஆகவே முழு உண்மையன்று. அவர் தமது சமயத்துக்காக இறந்தார். விஞ்ஞானம் அந்தத் தீயில் உடன் எரிந்தது.

ஒரு குரல் மட்டும் உடனே எழுந்தது. முன்னர் ஜெனீவாவில் ஆசிரியராயிருந்து, கல்வினோடு மாறுபட்டு, பாசல் நகருக்குச் சென்று வறுமையில் வாழ்ந்த செபஸ்ரியன் கஸ்தெலியோ, கொள்கை மாறுபாட்டுக்காக மனிதரைக் கொல்வதைக் கண்டித்து 1554 இல் புனைபெயரில் நூலொன்றை வெளியிட்டார்.

ஆயிரம் பிரதிகளில் இன்று எஞ்சியவை மூன்றே: ஒன்று பரிஸில், ஒன்று வியன்னாவில், ஒன்று எடின்பரோவில். சிறு குருதிச்சுற்றைப் பற்றிய பகுதியை 1694 இல் வில்லியம் வொற்றன் என்ற ஆங்கிலேயர் எடுத்துக்காட்டும் வரை, 141 ஆண்டுகள், மருத்துவ உலகம் அதனை அறியாதிருந்தது. அதற்குள் அதே உண்மையை மற்றவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 1559 இல் றியல்டோ கொலம்போ, 1628 இல் முழுக் குருதிச்சுற்றையும் நிறுவிய இங்கிலாந்தின் ஹாவி என அது தொடர்ந்தது. ஆனால் நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எப்படிக் கடக்கின்றது என்பதை ஹாவியும் காணவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1661 இல், பொலோஞா நகரின் மல்பீகி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். சிற்றறைகளும் அவற்றைச் சூழ்ந்த மயிர்த்துளைக் குழாய்களும் அங்கே தெரிந்தன.

ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சில் பதித்தவர் என்று மேலே எழுதினோம். அச்சொற்களைக் காரணத்தோடுதான் இட்டோம். செர்வேற்றசுக்கு 300 ஆண்டுகள் முன்னரே, டமாஸ்கசில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அல்நபீஸ் என்ற அரபு மருத்துவர், 1242 இல் எழுதிய உரையொன்றில், நடுச்சுவரில் துளையில்லை, குருதி சுவாசப்பையினூடாகவே செல்கின்றது என்று தெளிவாகக் கூறியிருந்தார். அவ்வுரையை எவரும் எரிக்கவில்லை, கவனிக்கவும் இல்லை. 1924 இல் யேர்மனியின் பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் படித்த எகிப்திய மாணவர் முஹ்யித்தீன் அல்தத்தாவி, பேர்லின் நூலகத்துக் கையெழுத்துப் படியொன்றில் அதனைக் கண்டெடுத்துத் தமது ஆய்வேட்டில் வெளியிட்டார். அந்நிய நாட்டு நூலகத்தில் தன் மொழியின் செல்வத்தை ஒரு மாணவன் கண்டெடுத்தான் என்பது எமது பல்கலைக்கழகப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

காற்றிலே எது குருதிக்குள் சேர்கின்றது என்ற மீதிக் கேள்விக்கு 18 ஆம் நூற்றாண்டு விடை கண்டது. 1774 இல் இங்கிலாந்தில் பிறீஸ்ற்லி அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். பரிஸில் லவோசியே அதற்கு ஒட்சிசன் என்ற பொருள்படும் பெயரிட்டு, சுவாசம் என்பது ஒருவகை மெதுவான எரிதலே என்று நிறுவினார். பிறீஸ்ற்லியும் திரித்துவத்தை மறுத்த போதகர் என்பது வியப்பான ஒற்றுமை. 1791 யூலையில் பேர்மிங்காம் நகரில் ஒரு கும்பல் அவரது வீட்டையும் நூல்களையும் ஆய்வுகூடத்தையும் அழித்தது. 1794 ஏப்ரலில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் இன்னும் கடலில் இருக்கையிலேயே, மே 8 ஆம் நாள், முன்னர் வரி அறவிடும் நிறுவனத்தில் பங்காளராயிருந்த குற்றத்துக்காகப் பரிஸில் லவோசியேயின் தலை வெட்டப்பட்டது.

செர்வேற்றஸ் எரிக்கப்பட்ட சம்பெல் இன்று ஜெனீவா நகருக்குள் அடங்கிவிட்டது. கன்ரோன் பெருமருத்துவமனைக்கு அண்மையில், 1903 இல் நாட்டப்பட்ட கல்லொன்று அங்கே உள்ளது. அதை நாட்டியவர்கள் கல்வினின் வழிவந்தோர். தாம் கல்வினை மதிப்பதாகவும், ஆயினும் அவர் காலத்துக்குரிய தவறொன்றைக் கண்டிப்பதாகவும் பொறித்துள்ளனர். சிறையில் கந்தலோடு அமர்ந்திருக்கும் செர்வேற்றஸின் சிலையொன்றைச் சிற்பி குளொத்தில்ட் றொக் செய்தபோது ஜெனீவா அதனை ஏற்கவில்லை. அது எல்லைக்கு அப்பால் பிரான்சின் அன்மாஸ் ஊரில் 1908 இல் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது விஷி அரசு அதனை அகற்றி உருக்கியது. 1960 இல் அங்கே மீண்டும் வார்த்து வைத்தனர். அச்சிலையின் படியொன்று 2011 இல் ஜெனீவாவுக்கு வந்து, அந்தக் கல்லின் அருகே அமர்ந்தது. பக்கத்துத் தெருவுக்கு அவர் பெயர். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முகவரி அத்தெருவிலேயே உள்ளது. 1903 ஆம் ஆண்டுக் கல்லில் அவர் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் உண்டு. சுவாசப்பையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.